கடலோர வயலில் இன்னொரு கோல்ஃப் மைதானமா? முதலில் குழி தோண்டிப் பாருங்கள்

கேள்வி இதுதான். கடலை ஒட்டிச் சுமார் 80 ஹெக்டேர் விளைநிலம் விலைக்கு வருகிறது. அதே கரையில் ஏற்கெனவே இரண்டு கோல்ஃப் மைதானங்கள் நன்றாக ஓடுகின்றன. நிலத்திலிருந்து கடல் தெரிகிறது, தரை சமமாக இருக்கிறது, வெட்டுவதற்கு மரம்கூட இல்லை. மூன்றாவது மைதானம் அமைக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா, பொருத்தமா இல்லையா என்று எதை வைத்து முடிவு செய்வது?

நன்மைகளாக அடுக்கப்பட்ட நான்கில் ஒன்றையும் நான் அப்படியே ஏற்க மாட்டேன். கடல் தெரிவது புகைப்படத்துக்கு நல்லது. சமதளம் என்பது கோல்ஃபில் பெரும்பாலும் குறை. மரம் இல்லாததற்குக் காரணம் உப்புக்காற்றாக இருக்கலாம். பக்கத்து மைதானங்கள் நன்றாக ஓடுவது மூன்றாவதற்கு வாழ்வா சாவா என்பது தனிக் கணக்கு. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று கேள்வியிலேயே வரவில்லை: மண்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது நல்ல விளைச்சல் தரும் வயல் என்றால் வாங்காதீர்கள். நிலத்துக்காரரை அழைத்துக்கொண்டு வரப்பு வரப்பாக நடந்து பாருங்கள். "இந்தக் கோடியில் மட்டும் எதைப் போட்டாலும் வராது, ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் மணல் குடித்துவிடுகிறது" என்று எந்த மூலையைக் காட்டி அவர் சலித்துக்கொள்கிறாரோ, அங்கே நில்லுங்கள். உழவர் திட்டுகிற நிலத்தைத்தான் கோல்ஃப் தேடுகிறது.

இதற்குக் காரணம் அந்த விளையாட்டின் பிறப்பிலேயே இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் கடற்கரைக்கும் உழுநிலத்துக்கும் நடுவே ஒரு மணல்பட்டை கிடந்தது. அதற்குத்தான் லிங்க்ஸ் என்று பெயர். காற்று அள்ளிக் குவித்த மணல், அதன் மேல் மெல்லிய தோல் போல மண், ஊட்டம் மிகக் குறைவு. பயிர் வைத்தால் போட்ட விதைகூடத் திரும்பாது என்பதால் யாரும் அதில் ஏர் பூட்டவில்லை. ஆடுகளும் முயல்களும் மேய்ந்தன. அந்த வறிய மணலில் ஃபெஸ்க்யூ போன்ற மெல்லிய புல் மட்டுமே தாக்குப்பிடித்து, குட்டையாக, அடர்த்தியாக, விறைப்பாக வளர்ந்தது. மழை பெய்து நின்ற சிறிது நேரத்தில் தரை காய்ந்துவிடும். பந்து விழுந்து துள்ளி ஓடும். செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய மைதானம் அப்படிப்பட்ட நிலம்தான். அங்கே 1764இல் 22 குழிகள் 18 ஆகக் குறைக்கப்பட்டன. இன்று உலகமெங்கும் ஓர் ஆட்டத்துக்கு 18 குழிகள் என்று இருப்பதன் தொடக்கம் அது. திணைக் கணக்கில் சொன்னால் கோல்ஃப் நெய்தலில் பிறந்த ஆட்டம். நீங்கள் வாங்கப் பார்ப்பது கடலைப் பார்த்தபடி கிடக்கும் மருதம். கடல் தெரிகிறது என்பதால் மருதம் நெய்தலாகிவிடாது.

வளமான மண்ணில் அப்படி என்ன தொல்லை? அது நீரைப் பிடித்துவைக்கும். பயிருக்கு வரமாக இருப்பது இங்கே சாபம். மழைக்குப் பிறகு ஃபேர்வே, அதாவது குழியை நோக்கிப் பந்தை அடித்துச் செல்லும் புல்வழி, சொதசொதவென்று கிடக்கும். பந்து விழுந்த இடத்திலேயே புதைந்து நிற்கும். புல்வெட்டும் வண்டி இறங்கினால் சக்கரத் தடம் பள்ளமாகும். ஆண்டுக்கணக்காக இட்ட உரத்தில் பாஸ்பரஸ் சேர்ந்திருக்கும். அது மெல்லிய புல்லை விடத் தடித்த புல்லுக்கும் களைகளுக்கும்தான் தீனி. குளிர்நாடுகளில் ஃபெஸ்க்யூவை விதைத்துவிட்டு, சில ஆண்டுகளில் போவா ஆனுவா என்ற ஓராண்டுப் புல் நுழைந்து முக்கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து நொந்தவர்கள் பலர். மண்புழு இன்னொரு விஷயம். உழவரின் நண்பன் என்று பள்ளியில் படித்தோம். பந்தைக் குழிக்குள் தள்ளும் ஒட்ட வெட்டிய புல்தளமான கிரீன் மேல் காலையில் அது தள்ளிவைத்த மண் உருண்டைகளைப் பார்த்த மைதானப் பராமரிப்பாளரிடம் அந்தப் பாடத்தைச் சொல்லிப் பாருங்கள். இவற்றோடு, முன்பு தெளித்த களைக்கொல்லியின் எச்சம் மண்ணில் இருந்தால் விதைத்த புல் முளைத்த வேகத்தில் மஞ்சளாகும். அதனால் கடந்த சில ஆண்டுகளில் என்ன தெளித்தார்கள் என்று நிலத்துக்காரரிடம் கேட்டு எழுதி வாங்குவது வீண் வேலை இல்லை.

இனி கையில் மண்ணோடு பேசுவோம். கட்டடக் கலைஞரையும் மைதான வடிவமைப்பாளரையும் அழைப்பதற்கு முன் ஒரு ஆகரும் ஒரு மண்வெட்டியும் போதும். ஆகர் என்பது திருகித் திருகி மண்ணைத் துளைத்தெடுக்கும் கைக்கருவி. கடலோரத்திலிருந்து உள்பக்கமாக ஒரு நேர்கோடு போட்டு, நூறு மீட்டருக்கு ஒன்றாகத் துளையுங்கள். ஒவ்வொரு துளையும் ஒன்றேகால் மீட்டர் ஆழமாவது போகட்டும். பிறகு பக்கவாட்டில் இன்னும் இரண்டு கோடுகள். எடுத்த மண்ணைச் சாக்கு மேல் ஆழ வரிசைப்படி நீளமாகப் பரப்பிவையுங்கள். முதல் முறை இதைச் செய்பவர்கள் பொதுவாக மேல் ஒரு சாண் மண்ணைப் பார்த்துவிட்டு, "மணல்தான், நன்றாக இருக்கிறது" என்பார்கள். கீழே 60 சென்டிமீட்டரில் களிமண் படுகை கண்ணாடி போலக் கிடப்பது சாக்கில்தான் தெரியும். அந்தப் படுகை இருந்தால் மேலே உள்ள மணல் வெறும் ஈரப் பஞ்சு.

அந்த மண்ணில் ஒரு பிடியை ஈரப்படுத்திக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா போலத் தள்ளுங்கள். இரண்டு அங்குல நீளத்துக்கு நாடா அறாமல் வந்தால் களிமண். உதிர்ந்து கொட்டினால் மணல். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் ஒரு கண்ணாடி ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி நீர், ஒரு சிட்டிகை சலவைத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். சில மணி நேரத்தில் அதன் மேல் படிவது வண்டல். மறுநாளும் தெளியாமல் கலங்கி நிற்பது களி. நான் பார்த்த ஒரு கடலோர நிலத்தின் ஜாடி ஒரு வாரம் கழித்தும் தேநீர் நிறத்திலேயே இருந்தது. அந்த நிலத்துக்கு அதற்குள் மைதானத்தின் பெயரும் இலச்சினையும் தயாராகியிருந்தன.

துளையின் சுவரில் நிறத்தையும் பாருங்கள். ஒரே சீரான பழுப்பு நல்ல அறிகுறி. சாம்பல் நிறத்தில் துருப்புள்ளிகள் தெரிந்தால் ஆண்டில் பல மாதங்கள் அந்த ஆழம் நீரில் மூழ்கிக் கிடக்கிறது என்று பொருள். நீங்கள் போனது வறண்ட பருவமாக இருந்தாலும் மண் பொய் சொல்லாது. பிறகு மண்வெட்டியால் ஒரு முழக் குழி வெட்டி, நீர் நிரப்பி, முதல் தடவை வடிய விட்டு, இரண்டாம் தடவை நிரப்பி அளவுகோலை நட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். கிரீனின் வேர்மண்டலத்தில் மணிக்கு 150 மில்லிமீட்டர் நீராவது இறங்க வேண்டும் என்பது கட்டுமானத்தில் பழகிய அளவு. கனத்த களிமண்ணில் மணிக்கு 5 மில்லிமீட்டர்கூட இறங்காது. முழக் குழியில் வடிவது இந்தச் சோதனைக்கூட அளவுக்கு நிகர் இல்லை என்றாலும், இந்த இரண்டுக்கும் நடுவே உங்கள் நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பது ஒரு பிற்பகலில் தெரிந்துவிடும்.

தாழ்வான கடலோர வயல் என்றால் இன்னொரு பூதம் இருக்கிறது, அதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை: அமில சல்பேட் மண். ஒரு காலத்தில் உப்பங்கழியாகவோ சதுப்பாகவோ இருந்த இடங்களில், நீருக்கடியில் காற்றுப் படாமல் பைரைட் என்ற இரும்பு சல்பைடு சேர்ந்திருக்கும். மூழ்கிக் கிடக்கும் வரை அதனால் தீங்கில்லை. மைதானத்துக்குக் குளம் வெட்டுகிறோம், வடிகால் போடுகிறோம் என்று அதைக் கிளறிக் காற்றுப் பட விட்டால் கந்தக அமிலம் பிறக்கும். மண்ணின் பிஎச் 4க்குக் கீழே இறங்கும், புல் முளைக்காது, வடிகால் நீர் போய்ச் சேரும் ஓடையில் மீன் செத்து மிதக்கும், கான்கிரீட் அரித்துப் போகும். தோண்டிய கரிய சேறு அழுகிய முட்டை போல நாறுவதும், காய்ந்த கரையில் வெளிர்மஞ்சள் திட்டுகள் தெரிவதும் இதன் அடையாளங்கள். ஒன்று தெரிந்தாலும் மேற்கொண்டு கை வைக்காமல் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குளம் வெட்டி அந்த மண்ணாலேயே மேடு எழுப்பலாம் என்று கணக்குப் போட்டிருந்தால், அந்தக் கணக்கு அன்றோடு முடிந்தது.

மண் சரியில்லை என்றால் மணலைக் கொண்டுவந்து கொட்டிவிடலாமே என்பது அடுத்து வரும் கேள்வி. செய்யலாம், செய்திருக்கிறார்கள். கிரீன்களுக்கு எப்படியும் மணல் வேண்டும்: 10 சென்டிமீட்டர் சரளை, அதன் மேல் 30 சென்டிமீட்டர் மணல் கலவை என்ற அமைப்பை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960இல் வகுத்தது, இன்றும் அதை ஒட்டித்தான் பெரும்பாலும் கட்டுகிறார்கள். கிரீன் ஒவ்வொன்றும் 500 சதுர மீட்டர் என்று வைத்தால் பதினெட்டுக்கும் 2,700 கன மீட்டர் மணல். தாங்கக்கூடிய செலவு. களிமண் ஃபேர்வேக்களையும் மூடப் போனால்தான் தலை சுற்றும். 12 ஹெக்டேர் ஃபேர்வே மேல் 15 சென்டிமீட்டர் மணல் என்றால் 18,000 கன மீட்டர். பத்துக் கன மீட்டர் லாரியில் 1,800 நடை. அந்த மணல் எங்கிருந்து வரும், எந்த ஆற்றையோ கரையையோ சுரண்டி வரும், எந்த ஊர்ச் சாலை வழியாக 1,800 தடவை வரும் என்று யாராவது கேட்பார்கள். கேட்கவும் வேண்டும்.

பணம் தண்ணீராக ஓடும் இடத்தில் இதுவும் நடக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் ஏரிக்கரையில் 1998இல் திறந்த விஸ்லிங் ஸ்ட்ரெய்ட்ஸ், தட்டையான பழைய ராணுவ நிலத்தின் மேல் மணலையும் மண்ணையும் லாரி லாரியாகக் கொட்டி எழுப்பியது. பார்ப்பவருக்கு அயர்லாந்தின் கரை போலவே இருக்கும். ஸ்காட்லாந்தின் கிங்ஸ்பார்ன்ஸும் 2000இல் இப்படித் திறந்ததுதான். வயலாகக் கிடந்த சரிவை வெட்டியும் கொத்தியும், எப்போதும் மணற்குன்றாகவே இருந்தது என்று நம்பும்படி ஆக்கினார்கள். இரண்டும் பேர் பெற்றவை. ஆனால் உலகின் தேர்ந்த கைவண்ணத்தையும் அதற்கேற்ற கட்டணத்தையும் நம்பிப் பிழைப்பவை. உங்கள் முதலீடு அந்த வரிசையில் இல்லை என்றால் அவற்றை முன்மாதிரியாகக் காட்டும் ஆலோசகரிடம் கொஞ்சம் விலகியே இருங்கள்.

இதில் எனக்குப் பிடித்த ஒப்பீடு வேறு. டேவிட் மெக்லே கிட் என்ற வடிவமைப்பாளர் 1999இல் அமெரிக்காவின் ஒரிகன் கரையில், மணற்குன்று நிலத்தில் பாண்டன் டியூன்ஸை அமைத்தார். முதல் நாளிலிருந்தே கொண்டாடப்பட்டது. அதே மனிதர் 2008இல் செயின்ட் ஆண்ட்ரூஸுக்குக் கிழக்கே, கடலை நோக்கிய பாறைமேட்டில், உழுநிலமாக இருந்த இடத்தில் காசில் மைதானத்தை அமைத்தார். காட்சி அபாரம். ஆனால் இல்லாத மேடுபள்ளங்களை அங்கே உண்டாக்க வேண்டியிருந்தது. அவை மிதமிஞ்சிவிட்டன என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுக்க, கிரீன்களைப் பின்னர் தணித்துச் சீரமைத்தார்கள். ஒரே கை, இரண்டு நிலம். சமதள வயல் வடிவமைப்பாளருக்கு வெற்றுத்தாள் என்பார்கள். வெற்றுத்தாளில் எழுதுவது எவ்வளவு கடினம் என்று எழுதுகிறவர்களுக்குத் தெரியும்.

அதே போன்ற கடலோரப் பண்ணையை வேறு விதமாகக் கையாண்ட இடம் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் இருக்கிறது. பார்ன்பூகிள் என்பது உருளைக்கிழங்கும் மாடும் வளர்க்கும் பண்ணை. அதன் கடல் பக்க விளிம்பில் பயிருக்கு ஆகாத மணற்குன்றுகள் வரிசையாகக் கிடந்தன. 2004இல் டாம் டோக், மைக் கிளேட்டன் என்ற வடிவமைப்பாளர்கள் மைதானத்தை அந்த விளிம்பில் மட்டும் வளைத்து அமைத்தார்கள். உள்ளே பண்ணை பண்ணையாகவே தொடர்ந்தது. உங்கள் 80 ஹெக்டேருக்கும் முதலில் இந்தக் கண்ணோடு வரைபடம் போட்டுப் பாருங்கள். மணல் எங்கே முடிகிறது, வயல் எங்கே தொடங்குகிறது என்று ஆகர் சொல்லும். மணல்பட்டை 20 ஹெக்டேர்தான் என்றால் சிறிய ஒன்பது குழி மைதானம் போடலாம். பதினெட்டு இல்லை என்றால் மதிப்பில்லை என்பது பழைய எண்ணம்.

தண்ணீர். இதைத் தனியாக அமர்ந்து கணக்குப் போட வேண்டும். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். பதினெட்டுக் குழி மைதானம் அமெரிக்காவில் சராசரியாக 150 ஏக்கர். அதில் பராமரிக்கும் புல் சுமார் 100 ஏக்கர், அதாவது 40 ஹெக்டேர். கோடையில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் பாய்ச்சினால் வாரம் ஒரு கோடி லிட்டர். கிரீனுக்கும், ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் டீ மேடைக்கும் மட்டும் பாய்ச்சி மற்றதை மழைக்கு விட்டுவிடும் துணிவு இருந்தால் இது பத்தில் ஒன்றாகவும் குறையும். பழைய லிங்க்ஸ் மைதானங்கள் கோடையில் வெளுத்துக் கிடப்பதற்கு யாரும் வருந்துவதில்லை. ஆனால் பச்சைப்பசேல் என்று இருந்தால்தான் காசு கொடுப்பார்கள் என்று உங்கள் வாடிக்கையாளரைப் பற்றி நீங்கள் நினைத்தால் அந்த ஒரு கோடியைத் தேடத்தான் வேண்டும்.

கடலோரத்தில் அதைக் கிணற்றில் தேடுவது ஆபத்து. நிலத்தடி நன்னீர் அங்கே கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் கனம். கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் உயரத்தில் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது கீபன்-ஹெர்ஸ்பர்க் கணக்கு. கேட்க இனிமையாக இருக்கும். அதைத் திருப்பிப் படியுங்கள்: இறைத்து இறைத்து மட்டத்தை அரை மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் அடியிலிருந்து 20 மீட்டர் உப்புநீர் ஏறிவரும். உங்கள் கிணறு மட்டும் கெடாது, சுற்றியுள்ள வயல்களின் கிணறுகளும் கெடும். அக்கம்பக்கத்தாரின் பகையை இவ்வளவு சீக்கிரமாகவும் இவ்வளவு நியாயமாகவும் சம்பாதித்துத் தரும் செயல் வேறு ஒன்று எனக்குத் தெரியவில்லை.

இருக்கும் கிணறுகளின் நீரை ஈரமான பருவத்தின் முடிவில் ஒரு முறை, வறட்சியின் உச்சத்தில் ஒரு முறை சோதியுங்கள். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குள் என்றால் கவலையில்லை. 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிருக்கும் புல்லுக்கும் தொல்லை. கடல்நீர் 50ஐ ஒட்டி நிற்கும். விற்பனையாளர்கள் இந்த இடத்தில் பாஸ்பாலம் என்பார்கள். கடலோரப் பாஸ்பாலம் வெப்பநாட்டுப் புல். மற்ற புல் கருகும் உப்பிலும் நிற்கும், உண்மைதான். ஆனால் புல் தாங்குகிற உப்பை மண் தாங்க வேண்டுமே. உப்புநீரின் சோடியம் களிமண்ணைக் குழைத்து அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். ஜிப்சம் போட்டு, கூடுதல் நீர் விட்டு உப்பைக் கழுவி இறக்க வேண்டும். கழுவி இறங்க வடிகால் வேண்டும். மறுபடியும் மணலுக்கே வந்துவிட்டோம். மணல் நிலத்தில் பாஸ்பாலம் நல்ல விடை, களிமண்ணில் அது தள்ளிப்போட்ட கேள்வி. நகரத்தின் சுத்திகரித்த கழிவுநீர் எட்டும் தொலைவில் கிடைத்தால் அதுவே சிறந்த வழி. அதையும் உப்புக்குச் சோதித்துவிட்டுத்தான் ஒப்பந்தம் போட வேண்டும்.

அடுத்து, கடல் அங்கேயே நிற்குமா? ஸ்காட்லாந்தின் மான்ட்ரோஸ் உலகின் மிகப் பழைய கோல்ஃப் நிலங்களில் ஒன்று. 1562லிருந்தே அங்கே ஆடியதற்குக் குறிப்பு இருக்கிறது. இன்று அதன் கரையோரத்தைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. நூற்றாண்டுகள் தாங்கிய இடத்துக்கே இந்த நிலை. பழைய நில அளவை வரைபடம், பழைய வான்படம், இன்றைய செயற்கைக்கோள் படம் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கரைக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்து, அந்த வேகத்தை ஐம்பது ஆண்டுக்குப் பெருக்குங்கள். கடல்மட்ட உயர்வுக்கு அதற்கு மேலும் விட்டுக்கொடுங்கள். வருகிற கோட்டுக்குக் கடல் பக்கம் ஒரு கிரீனையும் வைக்காதீர்கள். பிறகு பாறை போட்டுக் கரையைக் காப்போம் என்பது, அரிப்பைப் பக்கத்து நிலத்துக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு.

மணற்குன்றைத் தேடுங்கள் என்று நான் சொல்வதற்கு ஒரு கடிவாளமும் வேண்டும். குன்று நகர்ந்தால்தான் உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஸ்காட்லாந்தில் அபர்டீனுக்கு வடக்கே மெனியில் 2012இல் ஒரு மைதானம் திறந்தார்கள். நகரும் குன்றுகளைப் புல் நட்டு நிறுத்தியதால், அந்த மணல்பகுதி பெற்றிருந்த அறிவியல் சிறப்புக் காப்புத் தகுதியே 2020இல் நீக்கப்பட்டது. காக்கப்பட வேண்டியது இனி அங்கே மிச்சமில்லை என்பதே காரணம். ஆகவே நான் சொல்லும் மணல், ஏற்கெனவே புல் மூடி அடங்கி, மாடு மேய்ந்து, ஓரளவு உழுதும் கைவிட்டும் கிடக்கிற பின்வரிசை மணல். முன்வரிசைக் குன்று கடலுக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும் இயற்கைச் சுவர். அதில் கை வைப்பவர் தன் வீட்டு மதிலைத் தானே இடிக்கிறார்.

நிலத்தின் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம். 80 ஹெக்டேர் என்பது எண்ணிக்கையில் போதும். ஆனால் கரையை ஒட்டி நீளமாகக் கிடக்கிறதா, அல்லது கரையில் 200 மீட்டர் முகப்பு மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே நான்கு கிலோமீட்டர் நீள்கிறதா? பந்து தவறிப் போனாலும் அடுத்தவர் தலையில் விழாமல் இருக்க ஒவ்வொரு ஃபேர்வேயின் நடுக்கோட்டிலிருந்தும் இருபுறம் 50 முதல் 60 மீட்டர் விட வேண்டும். 200 மீட்டர் முகப்பில் கடலைத் தொடுவது ஒன்றோ இரண்டோ குழிதான். மற்ற பதினாறும் வயல்காட்டில். விளம்பரத்தில் வரும் படம் அந்த ஒரு குழியுடையதாக இருக்கும், ஆட்டக்காரர் நான்கு மணி நேரம் நடப்பது மற்ற பதினாறில். காற்றையும் பாருங்கள்: எல்லாக் குழிகளும் ஒரே திசையில் போய் ஒரே திசையில் திரும்பினால் பாதி ஆட்டம் காற்றோடு மல்லுக்கட்டல். முதல் குழி உதயசூரியனையும் கடைசிக் குழி அந்திச்சூரியனையும் நேரே நோக்கக் கூடாது என்பது சிறு விஷயம்தான், ஆனால் கட்டிய பிறகு திருத்த முடியாத சிறு விஷயம்.

"இன்னொரு" என்ற சொல்லுக்கு வருவோம். இரண்டு நன்றாக ஓடுகின்றன, ஆகவே மூன்றாவதும் ஓடும் என்பது தானாக வரும் முடிவு இல்லை. அந்த இரண்டுக்கும் யார் வருகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டும். சுற்றுவட்டார உறுப்பினர்கள் என்றால் மூன்றாவது மைதானம் அதே ஆட்களை மூன்றாகப் பங்கு போடும், மூவரும் மெலிவார்கள். அமெரிக்காவில் 2006 முதல் பல ஆண்டுகள் திறந்த மைதானங்களை விட மூடியவையே அதிகம். அளவுக்கு மேல் கட்டியதற்குக் கொடுத்த விலை அது. வெளியூரிலிருந்து தங்கி ஆட வருபவர்கள் என்றால் கதை மாறும். ஒரு மைதானத்துக்காக யாரும் நீண்ட பயணம் செய்ய மாட்டார்கள். மூன்று இருந்தால் மூன்று இரவு தங்குவார்கள். பாண்டனில் 1999இல் முதல் மைதானம், 2001இல் இரண்டாவது, 2005இல் மூன்றாவது என்று வளர்ந்தது இந்தக் கணக்கில்தான். பார்ன்பூகிளிலும் 2010இல் லாஸ்ட் ஃபார்ம் என்ற இரண்டாவது வந்தது; அதில் 20 குழிகள், யாரும் குறை சொல்லவில்லை. அங்கெல்லாம் புதியது பழையதைவிடச் சிறந்ததாகவோ குறைந்தது வேறு சுவையுடையதாகவோ இருந்தது என்பதை மறக்கக் கூடாது. மணலில் இருக்கும் இரண்டுக்குப் பக்கத்தில் களிமண்ணில் ஒன்று கட்டினால், அந்த இரண்டிலும் இடம் கிடைக்காதவர் மட்டுமே உங்களிடம் வருவார்.

பயிர்நிலத்தை எடுப்பது சரியா என்பது தொழில்நுட்பக் கேள்வி இல்லை. இருந்தாலும் மழுப்ப மாட்டேன். முதல்தர விளைநிலத்தைக் கோல்ஃபுக்கு எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. நல்லவேளையாக அது கோல்ஃபுக்கும் உடன்பாடில்லை. மீண்டும் வயலாக்கலாமே என்பார்கள். முடியும்: கிங்ஸ்பார்ன்ஸில் இரண்டாம் உலகப் போருக்கு முன் இருந்த ஒன்பது குழி மைதானம் போரோடு மறைந்து உழுநிலமானது. ஆனால் அது மண்ணைப் புரட்டாத பழைய காலத்து மைதானம். மேல்மண்ணை வழித்து விற்று, மணல் கொட்டி, குழாய்களைப் புதைத்த நிலம் அப்படித் திரும்பாது. எதைக் கட்டினாலும் வழித்த மேல்மண்ணை நிலத்தை விட்டு வெளியே அனுப்பக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். அந்த நிலத்தில் குத்தகைக்கு உழுபவர்களும், கரைக்குப் போக அதன் வழியே நடப்பவர்களும் விற்பனைப் பத்திரத்தில் வர மாட்டார்கள். அனுமதி கேட்கும் நாளில் வந்து நிற்பார்கள். முன்னதாகவே போய்ப் பேசிவிடுவது நல்லது.

இப்போதைக்கு நிலத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். சோதித்துப் பார்க்க நான்கு மாத அவகாசம் தரும் ஒப்பந்தம் மட்டும் போட்டுக்கொண்டு, இரண்டு ஆட்களோடும் ஒரு ஆகரோடும் போங்கள். மூன்று கோட்டில் துளைகள், பத்து ஜாடிகள், நான்கு கிணற்றின் நீர், பழைய வரைபடம் ஒன்று. மணல் ஒரு மீட்டருக்குக் கீழும் தொடர்கிறது, நீர் நன்னீர், கரை நகரவில்லை என்று மூன்றும் வந்தால் வடிவமைப்பாளரை அழையுங்கள். செலவு அதன் பிறகு. மூன்றில் மண் தவறினால் மற்ற இரண்டைப் பார்க்கவே வேண்டாம், அந்த மணல் மூலையில் ஒன்பது குழிக்கு இடம் தேறுமா என்று மட்டும் அளந்து வாருங்கள். திரும்பும்போது வெட்டிய குழிகளை மூடிவிடுங்கள். அங்கே இன்னும் மாடு மேய்கிறது.